வில்லை பேசும் வேளை

மனிதனுக்கு ஓர் இலக்கத்தைக் கொடுத்து, அவ்விலக்கத்தை ஒரு வில்லையிற் பொறித்து, அவ்வில்லையை அவன் உடம்பிலே கட்டிவிடும் வழக்கம் நம் மலைநாட்டுக்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில், கங்காணிமார் தம்முடன் ஒரு கோவை தகர வில்லைகளைக் கொண்டு போனார்கள். ஒவ்வொரு வில்லையிலும் தோட்டத்துக்குரிய இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். புறப்படச் சம்மதித்தவனுக்கு ஒரு வில்லை கொடுக்கப்படும். அவன் அதை நூலிற் கோத்துக் கட்டிக்கொள்வான். வழியிலிருந்த முகாம்களில் அதனைப் பார்த்தே, இவன் இன்ன தோட்டத்துக்குப் போகிறவன், இவனுடைய வழிச்செலவு இன்ன தோட்டத்தின் கணக்கில் ஏறவேண்டும் என்று முடிவு செய்தார்கள். வில்லையைச் சுமந்தவனுக்குப் பெரும்பாலும் அதிலிருந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. அவனைப் பற்றி அது பேசியது, அவனோடு பேசவில்லை.

நூறாண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. இன்று மீண்டும் ஒரு வில்லை நம்மவர் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. இம்முறை அது தகரமன்று. நகத்தின் அளவேயான ஒரு மின்னணுச் சில்லும் அதைச் சுற்றி ஓடும் மெல்லிய செப்புக் கம்பியும் உள்ளே பதிக்கப்பட்ட ஒரு பிளாஸ்டிக் அட்டை. அலுவலக வாயிலில் அதைக் காட்டினால் கதவு திறக்கிறது. சென்னையில் 2015 ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலில் அதைத் தொட்டுக் காட்டினால் தடுப்பு விலகுகிறது. இந்திய நெடுஞ்சாலைகளிற் கார்க் கண்ணாடியில் ஒட்டிய ‘பாஸ்டேக்’ என்னும் ஒட்டுவில்லை சுங்கப் பணத்தைக் கட்டிவிடுகிறது. 2021 ஆம் ஆண்டு பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து அங்கே அது கட்டாயமாக்கப்பட்டது. வானொலி அலையைக் கொண்டு அடையாளம் காணும் இவ்வித்தையை ஆர்.எப்.ஐ.டி. என்று சுருக்கமாகச் சொல்லுகிறார்கள்.

இவ்வாரம் நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த வில்லையை அன்று. அதை வாசிக்கும் கருவியையும், அக்கருவியை ஆட்டிவைக்கும் கட்டுப்படுத்தியையும். ஏனெனில் வில்லை தானாகப் பேசுவதில்லை. எப்போது கேட்பது, எத்தனை முறை கேட்பது, கேட்டதை யாருக்குச் சொல்வது என்பவற்றை யெல்லாம் தீர்மானிப்பது கட்டுப்படுத்தியே. அத்தீர்மானங்களைத்தான் ‘இயங்குமுறை’ என்கிறார்கள். இது பொறியியலாளர் மாத்திரம் அறிய வேண்டிய விடயம் என்று எண்ணவேண்டாம். ஒரு தாயின் நாட்சம்பளம் இதிலே தங்கி நிற்கக்கூடும்.

மடுவத்தில் ஒரு மாலை

விளக்கத்துக்கு ஓர் ஊர் வேண்டுமல்லவா? மாத்தளை மாவட்டத்து எல்கடுவையை எடுத்துக்கொள்வோம். வத்தேகமப் பக்கமிருந்து வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையில், ஹுன்னஸ் நீர்வீழ்ச்சிக்கு அருகே உள்ள தேயிலைப் பிரதேசம் அது. 1990 களில் அரசாங்கத் தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளாக வகுக்கப்பட்டபோது, அவ்வூரின் பெயரிலேயே ஒரு கம்பனியும் தோன்றியது. மன்னார்க் கரையில் இறங்கிக் கால்நடையாகக் காடு கடந்து வந்த முன்னோர் மாத்தளை வழியாகத்தான் மலையேறினர். அந்த நடையை நினைவுகூர்ந்து 2023 ஆம் ஆண்டிலே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர் மீண்டும் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

அத்தகைய மலையில் ஒரு கொழுந்து மடுவத்தை மனக்கண்ணில் நிறுத்துவோம். மாலை வேளை. மழைத் தூறல். கொழுந்து நிறைந்த கூடைகளோடும் சாக்குகளோடும் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். தராசு ஒன்று, அதன் பக்கத்தில் கணக்கப்பிள்ளை, அவர் கையில் ஒரு புத்தகம். “எத்தனை கிலோங்க ஐயா?” என்று கேட்கும் குரல் கூட்டத்தின் இரைச்சலில் அமிழ்ந்து போகிறது. தோட்டம் வகுத்த அளவை எட்டினால் அன்று முழுப்பேர், எட்டாவிட்டால் அரைப்பேர், மிஞ்சினால் மேலதிகக் கிலோவுக்குக் காசு. அந்த அளவு 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் காலையில் 7, நண்பகலில் 6, மாலையில் ஐந்தரை, ஆக பதினெட்டரைக் கிலோ கொழுந்து பறித்திருக்கிறாள். சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் ஒரு கிலோ கழிக்கப்பட்டால் மீதி பதினேழரை. அரைக் கிலோவினால் அரைநாட் சம்பளம் போய்விடும். கழிவைப் பற்றியும் நிறுவையைப் பற்றியும் தோட்டங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் மனக்குறைக்கு இதுவே வேர்.

இனி, இத்தராசினருகே நமது கருவியை வைத்துப் பார்ப்போம். பெண்கள் ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டை. தராசுத் தூணில் ஒரு வாசிப்பான். அதன் அடியில் ஒரு சிறு பெட்டிக்குள் கட்டுப்படுத்தி.

கேட்டாற்றான் பேசும்

முதலில் வில்லை பேசும் வகையை விளங்கிக்கொள்ள வேண்டும். இவ்வகை அட்டைக்குள் பற்றரி கிடையாது. வாசிப்பான் தன் கம்பிச் சுருளினால் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அப்புலத்தினுள் அட்டை வந்ததும், அட்டையிலுள்ள கம்பியிலே சிறிது மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரத்தில் சில்லு விழித்தெழுந்து, புலத்தைச் சற்றே கூட்டியும் குறைத்தும் தன் இலக்கத்தைத் தெரிவிக்கிறது. கேட்பவனே பேசுபவனுக்கும் மூச்சுக் கொடுக்கிறான் என்று சொல்லலாம்.

இந்த உத்திக்கு ஒரு வேடிக்கையான முன்கதை உண்டு. 1945 ஆம் ஆண்டில், மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்குச் சோவியத் பள்ளிச் சிறார்கள் மரத்திற் செதுக்கிய அமெரிக்க அரச முத்திரை ஒன்றைப் பரிசளித்தனர். தூதரும் மகிழ்ந்து தமது மாளிகைச் சுவரில் அதை மாட்டிவைத்தார். அதற்குள்ளே லெவ் தெரமின் என்ற விஞ்ஞானி அமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி ஒளிந்திருந்தது. பற்றரியும் இல்லை, மின்கம்பியும் இல்லை. வெளியிலிருந்து வானொலிக் கதிரைப் பாய்ச்சினால் மாத்திரமே அது உயிர்பெற்று அறையிலுள்ள பேச்சை அனுப்பும். அதனாலேயே 1952 ஆம் ஆண்டு வரை எவராலும் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. திருப்பி அனுப்பப்படும் அலையைக் கொண்டு செய்தி பரிமாறலாம் என்பதை விளக்கி 1948 ஆம் ஆண்டிலே ஹரி ஸ்டொக்மன் ஒரு கட்டுரை வெளியிட்டார். அட்டை வடிவில் இது மக்கள் கைக்கு வரப் பின்னும் பல பத்தாண்டுகள் சென்றன.

முறைகள் பலவிதம்

கட்டுப்படுத்தியின் முதலாவது இயங்குமுறை வினாமுறை. தூரத்திலுள்ள கணினி, “யாராவது வந்தார்களா?” என்று கேட்கும். வாசிப்பான் உடனே பார்த்துப் பதில் சொல்லும். கேட்காவிட்டால் அது வாய் திறவாது. ஆசிரியர் பெயர் கூப்பிட்டாற்றான் ‘உள்ளேன் ஐயா’ என்னும் மாணவனைப் போன்றது இது. ஒழுங்கான முறைதான். ஆனால் கணினிக்கும் வாசிப்பானுக்கும் இடையிலுள்ள தொடர்பு அறாமல் இருக்கவேண்டும். தொலைபேசிச் சைகை வருவதும் போவதுமாயிருக்கும் மலைச்சரிவில் இம்முறையை மாத்திரம் நம்பினால், சைகை போன நேரத்தில் நிறுத்த கொழுந்து கணக்கில் ஏறாது.

இரண்டாவது தன்னியக்க முறை. எவரும் கேட்கவேண்டியதில்லை. வாசிப்பான் இடையறாது தன் புலத்தைத் துழாவிக்கொண்டே இருக்கும். அட்டை அகப்பட்டவுடன் அறிவிக்கும். வேகம் வேண்டிய இடத்துக்கு இது ஏற்றது. ஆயினும் இதில் ஓர் ஆபத்து உண்டு. ஒரு நொடிக்குள் ஒரே அட்டையை அது பலமுறை வாசித்துவிடும். “இப்போதுதான் பார்த்தோம், இன்னும் சில நொடிக்கு இதைப் பொருட்படுத்தாதே” என்று கட்டுப்படுத்திக்குச் சொல்லி வைக்காவிட்டால், ஒரு கூடை பத்துக் கூடையாகிவிடும். அந்த நொடிக்கணக்கை மிக நீளமாக வைத்தாலோ, உண்மையாகவே இரண்டாவது சாக்கைக் கொண்டுவந்து வைப்பவளின் நிறுவை விழுங்கப்பட்டுவிடும். ஒரே ஓர் எண்ணை மாற்றிவைப்பதால் ஒருவருக்கு இலாபமும் மற்றொருவருக்கு நட்டமும் நேரும் என்பதை நோக்குக.

மூன்றாவது தூண்டல் முறை. ஒரு நிகழ்ச்சி நடந்தாலன்றி வாசிப்பான் விழிக்காது. வாகனம் வந்து நிற்பதை உணர்கருவி அறிவித்த பின்னரே ஒட்டுவில்லையை வாசிப்பது இவ்வகை. தராசுக்கு இதுவே மிகப் பொருத்தமான முறை என்பது நமது கருத்து. கொழுந்தைத் தொங்கவிட்டதும் தராசு சற்று நேரம் ஆடும். ஆட்டம் நின்று நிறுவை நிலைத்த கணத்தில், தராசு கட்டுப்படுத்தியைத் தூண்டுகிறது. கட்டுப்படுத்தி வாசிப்பானை விழிக்கச் செய்து, அட்டையைக் கேட்டு, இலக்கத்தையும் நிறுவையையும் ஒரே முடிச்சாகக் கட்டிப் பதிவு செய்கிறது. ஆடும் தராசில் எண்ணைப் பிடிக்கவும் இடமில்லை. ஒருத்தியின் கொழுந்தை மற்றொருத்தியின் பெயரில் எழுதவும் எளிதில் இடமில்லை.

‘எளிதில்’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வாசிப்பான் எவ்வளவு தூரம் எட்டிப் பார்க்கிறது என்பதும் பார்க்கப்படவேண்டும். 13.56 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் அட்டையைச் சில சென்டிமீற்றர் தூரத்தில் பிடித்தாற்றான் வாசிக்கலாம். 900 மெகாஹேர்ட்ஸை அடுத்த அலைவரிசையில் இயங்கும் வில்லைகளையோ பல மீற்றருக்கு அப்பாலிருந்தும் வாசிக்கலாம். களஞ்சியத்தில் அடுக்கிய பெட்டிகளை எண்ண நீண்ட பார்வை நல்லது. அங்கே நூற்றுக்கணக்கான வில்லைகள் ஒரே நேரத்தில் குரல் கொடுத்தாலும் குழப்பம் நேராது. ‘ஆளுக்கொரு எண்ணை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள், உங்கள் எண் வரும்போது மாத்திரம் பேசுங்கள்’ என்று வாசிப்பான் கட்டளையிடும், இரண்டு வில்லைகள் ஒரே எண்ணை நினைத்து மோதிக்கொண்டால், அவை அடுத்த சுற்றில் வேறெண்ணை நினைக்கும். ஆனால் பெண்கள் தோளோடு தோள் உரசி நிற்கும் மடுவத்தில் இந்நீண்ட பார்வை தீமையே செய்யும். வரிசையில் நாலாவதாக நிற்பவளின் அட்டை முந்திப் பேசிவிட்டால் யார் பொறுப்பு? அங்கே கிட்டப் பார்வையே நீதி.

நான்காவது, தொடர்பற்ற வேளையிலும் தனித்து இயங்கும் முறை. சைகை அறுந்ததும் கட்டுப்படுத்தி தன் நினைவகத்திலேயே பதிவுகளைச் சேர்த்துவைத்து, சைகை வந்ததும் ஒவ்வொன்றாக அனுப்பும். மலைத் தோட்டத்துக்கு இன்றியமையாத முறை இது. இதற்கு மூன்று ஒழுங்குகள் தேவை. பெட்டிக்குள் இருக்கும் கடிகாரம் சரியாக ஓடவேண்டும்; இல்லையேல் இன்றைய கொழுந்து நேற்றைய நாளில் ஏறும். ஒவ்வொரு பதிவுக்கும் தொடரிலக்கம் வேண்டும். இடையில் ஒன்று காணாமற் போனால் அவ்விலக்கமே காட்டிக்கொடுக்கும். அனுப்பியது சேர்ந்தது என்று மறுபக்கத்திலிருந்து பதில் வரும்வரை நினைவகத்திலிருந்து எதையும் அழித்தலாகாது.

ஐந்தாவது உறங்குமுறை. வாசிப்பான் புலத்தை இடைவிடாது எழுப்பிக்கொண்டிருந்தால் பற்றரி விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே அது பெரும்பாலான நேரம் உறங்கி, இடையிடையே ஒரு கணம் மட்டும் கண்விழித்துப் பார்க்கும். அருகே அட்டை ஒன்று வந்திருந்தால் கம்பிச் சுருளின் தன்மையிற் சிறு மாற்றம் தெரியும். உடனே முழுதும் விழித்துக்கொள்ளும். காவற்காரர் கோழித்தூக்கம் போடுவதை இது ஒத்தது.

தலைமை அட்டை யார் கையில்?

ஆறாவது முறையைத் தனியாகச் சொல்லவேண்டும். அதுதான் பதிவுமுறை. புதிய அட்டையைச் சேர்ப்பதும், தொலைந்த அட்டையை நீக்குவதும், இன்ன இலக்கம் இன்னாருடையது என்று எழுதுவதும் இம்முறையிலேயே. பல கருவிகளில் இதற்கென ஒரு தலைமை அட்டை உண்டு. அதை வாசிப்பானிற் காட்டினால் கருவி வழமையான வேலையை நிறுத்திவிட்டு, “இனி நீர் சொல்வதை எழுதிக்கொள்கிறேன்” என்று காத்திருக்கும்.

கருவியின் உண்மையான சாவி இதுவே. கழிவு எத்தனை கிலோ, மீள்வாசிப்புக்கு எத்தனை நொடி, எந்த முறையில் இயங்குவது என்பவற்றையும் பெரும்பாலும் இவ்வாறான தனியுரிமை பெற்றவர்களே மாற்றலாம். கையெழுத்துப் புத்தகத்தில் 18 ஐ 17 ஆகத் திருத்தினால் மைத்தடமாவது மிஞ்சும். கட்டுப்படுத்தியில் ஓர் எண்ணைத் திருத்தினால், அத்திருத்தத்தையும் கருவி எழுதிவைக்கும்படி முன்கூட்டியே அமைத்திருந்தாலன்றி, ஒரு தடமும் இராது. ‘யந்திரம் பொய் சொல்லாது’ என்று நம்மவர் சொல்வதுண்டு. சரிதான். ஆனால் அது எதைச் சொல்லவேண்டும், எதைச் சொல்லாது விடவேண்டும் என்று அதற்குக் கற்பித்தவர் மனிதரே.

அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெறும் இலக்கத்தை மாத்திரம் சொல்லும் மலிவான அட்டையைப் பிரதி செய்வது கடினமன்று. வாசிப்பான் ஒரு புதிரைக் கொடுக்க, இரகசியத் திறவுகோலைக் கொண்டு அட்டை அதற்கு விடை சொல்லும் வகை அட்டைகள் இதனினும் பாதுகாப்பானவை. அவற்றிலும் எல்லாம் ஒரே தரத்தனவல்ல; உலகெங்கும் பரவியிருந்த ‘மைபெயார் கிளாசிக்’ என்ற அட்டையின் இரகசியத்தை 2008 ஆம் ஆண்டிலே ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். இன்னொன்றையும் மனத்திற் கொள்ளவேண்டும். கருவி காண்பது அட்டையை, ஆளையன்று. அக்காளின் அட்டையைத் தங்கை நீட்டினாலும் அக்காள் வந்ததாகவே அது எழுதும்.

ஒளித்திரையில் மூன்று எண்கள்

இவ்வளவையும் சொன்னதனால், நாம் புதுக்கருவிக்கு எதிரானவர் என்று எவரும் கருதவேண்டாம். நல்ல முறையில் அமைத்தால், மடுவத்தில் எழும் வாக்குவாதத்தில் பெரும்பகுதி அடங்கிவிடும். கணக்கப்பிள்ளைக்கும் அது நன்மையே. செய்யாத பிழைக்குப் பழி சுமக்கும் நிலை அவருக்கும் நேர்வதுண்டு. நிறுவை நிலைத்ததும் எல்லாரும் பார்க்கக்கூடிய உயரத்தில் மூன்று எண்கள் ஒளிரட்டும்: மொத்த நிறுவை, கழிவு, மீதி. பக்கத்தில் அவளுடைய பெயர் தமிழில் தெரியட்டும். ஒரு சிறு துண்டுச் சீட்டும் கைக்கு வரட்டும். மூன்று நிறுவைக்கும் மூன்று துண்டு. மாதமுடிவிற் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வீட்டில் ஒரு பிள்ளை போதும்.

கருவி கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதும் முன்னரே முடிவு செய்யப்படவேண்டிய ஓர் இயங்குமுறைதான். கதவுகளுக்கு இவ்வாறு முடிவு செய்கிறார்கள்: மின்சாரம் நின்றால் சில கதவுகள் தாமாகவே திறந்துகொள்ளும், சில பூட்டியபடியே இருக்கும். மனிதர் தப்பி ஓடவேண்டிய வழியில் திறந்துகொள்ளும் பூட்டையும், பணப் பெட்டக அறையில் திறவாத பூட்டையும் வைப்பார்கள். கொழுந்துத் தராசில் கருவி ஊமையானால், பழைய புத்தகமும் பேனாவும் எடுக்கப்பட்டு, நிறுத்தவளும் எழுதியவரும் இருவருமே ஒப்பமிடவேண்டும். ‘கருவி வாசிக்கவில்லை, ஆகவே கொழுந்து இல்லை’ என்னும் நியாயம் நியாயமாகாது.

தோட்டத்துப் பள்ளிகளிற் படிக்கும் மாணவர்க்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. இக்கட்டுப்படுத்தி எட்டாத வித்தையன்று. சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கும் சிறு வாசிப்பானையும் ஒரு சிறு கணினிச் சில்லையும் இணைத்து, மேற்சொன்ன முறைகளை உயர்தர வகுப்பு மாணவன் தானே எழுதிப் பார்க்கலாம். எழுதிப் பார்த்தவன், மடுவத்தில் ஒரு நாள் கருவி வந்து நிற்கும்போது அதைக் கண்டு மலைக்கமாட்டான். “ஐயா, இது எந்த முறையில் ஓடுகிறது? கழிவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? சைகை இல்லாத நேரத்துப் பதிவு எங்கே தங்குகிறது? தலைமை அட்டை யாரிடம் இருக்கிறது?” என்று பணிவோடு நான்கு கேள்வி கேட்பான். தோட்ட நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் நடக்கும் பேச்சுவார்த்தையில் நாட்சம்பளத்தோடும் கிலோ அளவோடும் இந்நான்கு கேள்விகளும் இடம்பெற வேண்டிய காலம் வந்துவிட்டது.

பாட்டனார் காலத்துத் தகர வில்லையில் என்ன எழுதியிருந்தது என்பதை அதைச் சுமந்தவர் அறியவில்லை. பேரப்பிள்ளைகள் சுமக்கும் வில்லை என்ன பேசுகிறது, எப்போது பேசுகிறது, யாரிடம் பேசுகிறது என்பதை அவர்கள் அறிந்திருக்கவேண்டும். வாசகர் வீடுகளில் அட்டை ஏதேனும் இருந்தால், இன்று மாலை பிள்ளைகளோடு அதை ஒரு விளக்கின் எதிரே பிடித்துப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக்காயின் உள்ளே கம்பிச்சுருள் நிழலாகத் தெரியவும் கூடும்.